நிலையாமையும் நகலும்

தோன்றியவை யாவும் அழியும் என்பதை ஏற்றுக்கொண்ட ஒருவர், அழியக்கூடிய ஒன்றைக் காப்பதற்காகத் தம் நேரத்தையும் பொருளையும் செலவிடுவது முரண்பாடா என்னும் கேள்வி இந்தியச் சமய மரபுகள் பலவற்றுக்கும் பொதுவானது. திருக்குறள் நிலையாமைக்கு ஓர் அதிகாரமும், ஊழுக்கு ஓர் அதிகாரமும், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்திருப்பது, இக்கேள்விக்கு ஒரு பக்கமாக மட்டும் நின்று விடை கூற முடியாது என்பதைக் காட்டும். கணினியில் சேர்ந்துள்ள தரவுகளைக் காப்பதும், தீ, வெள்ளம், மின்தடை, நச்சுநிரல் ஆகியவற்றை எதிர்பார்த்து வீட்டிலும் பணியிடத்திலும் முன்னேற்பாடு செய்வதும் தொழில்நுட்ப வல்லுநரின் வேலை என்று ஒதுக்கப்பட்டுவிட்டமையால், அவற்றுள் இப்பழைய கேள்வி இருப்பது கவனிக்கப்படுவதில்லை. எதைக் காப்பது, எதை அழியவிடுவது, யாருக்காகக் காப்பது, காக்கத் தவறினால் அது யார் குற்றம் என்று முடிவு செய்யவேண்டிய ஒவ்வொருவரும் பற்று, கடமை, விதி ஆகிய மூன்றையும் பற்றி ஏதேனும் ஒரு நிலைப்பாட்டை, அறிந்தோ அறியாமலோ, மேற்கொண்டே ஆகவேண்டும்.

இம்முரண்பாடு மிகக் கூர்மையாகத் தெரிவது பௌத்தத்தில். கூட்டுப்பொருள்கள் அனைத்தும் நிலையற்றவை என்னும் அநித்தியக் கோட்பாடும், நிலையற்றதைப் பிடித்துக்கொள்ளும் பற்றே துன்பத்தை வளர்க்கிறது என்னும் உபாதானக் கோட்பாடும் அச்சமயத்தின் அடித்தளம். துறவியரின் ஒழுக்கவிதிகளைக் கூறும் விநயம், மிகையாகக் கிடைத்த சீவர ஆடையைப் பத்து நாள்களுக்கு மேலும், நெய், எண்ணெய், தேன் போன்ற மருந்துப் பொருள்களை ஏழு நாள்களுக்கு மேலும் ஒரு துறவி தம்மிடம் வைத்திருக்கக் கூடாது என்று வரையறுக்கிறது. போதனையையேகூடப் பற்றிக்கொள்ளலாகாது என்பதற்காக, ஆற்றைக் கடந்தவன் தன்னைக் கடத்திய தெப்பத்தைத் தலையில் சுமந்து திரியமாட்டான் என்னும் உவமையை மச்சிம நிகாயம் புத்தர் வாய்மொழியாகத் தருகிறது. இத்தனை கண்டிப்பான துறவைப் பேசிய சங்கமே, உலக வரலாற்றில் மிக விரிவான நூற்பாதுகாப்பு முயற்சிகள் சிலவற்றையும் மேற்கொண்டது. ஏழு நாளைக்கு மேல் நெய்யைச் சேமிக்காத துறவியர், பல நூறு ஆண்டுகளுக்குச் சொற்களைச் சேமித்தனர்.

அவர்கள் அதை எவ்வாறு செய்தனர் என்பதற்கு இலங்கை வரலாறு சான்று தருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டு வரை பௌத்த மறைநூல்களின் தொகுதியாகிய பாலித் திரிபிடகம் அங்கே எழுத்தில் இல்லை. பாணகர் எனப்பட்ட ஓதுவோர் குழுக்கள் நெடிய சூத்திரங்களுக்கு ஒன்று, இடைத்தர அளவின சூத்திரங்களுக்கு ஒன்று என்று பகுத்துக்கொண்டு, ஒவ்வொரு குழுவும் தனக்குரிய பகுதியை மனப்பாடமாகக் காத்தது. மன்னன் வட்டகாமணி அபயன் காலத்தில் உள்நாட்டுக் கிளர்ச்சி ஒருபுறமும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் படைத்தலைவர்களின் படையெடுப்பு மறுபுறமும் நாட்டைக் குலைத்தன. அத்தலைவர்களுள் ஐவர் ஒருவர்பின் ஒருவராக அநுராதபுரத்தை ஆண்டனர் என்று மகாவம்சம் கூறுகிறது. இவற்றோடு கடும் பஞ்சமும் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது என்பது உரைநூல்கள் காத்துவைத்த மரபு. அம்மரபின்படி, துறவியர் எழுநூற்றுவர் கடல் கடந்து இந்தியாவுக்குச் சென்றுவிட, அறுபதின்மர் மட்டும் தீவிலேயே தங்கி, கிழங்கும் இலையும் தின்று, உட்கார வலுவற்றபோது படுத்தவாறே பாடங்களை ஓதிவந்தனர். பஞ்சம் தீர்ந்து சென்றவர் திரும்பியபின், இரு சாராரும் ஓரிடத்தில் கூடித் தத்தம் பாடங்களை ஒப்பிட்டபோது ஓரெழுத்தும் வேறுபடவில்லை என்று அந்நூல்கள் பெருமிதத்தோடு குறிக்கின்றன. ஓரெழுத்தும் வேறுபடவில்லை என்பதைப் பக்தியின் மிகையாகக் கொண்டாலும், ஒப்பிட்டார்கள் என்னும் செய்தி மிகை அன்று. பிரிந்து கிடந்த இரண்டு படிகள் ஒன்றையொன்று சரிபார்த்தாலன்றி எதையும் நம்பலாகாது என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள்.

விநய உரையில் வரும் மற்றொரு செய்தி இன்னும் உறுத்தலானது. அப்பேரிடருக்குப் பின் மகாநித்தேசம் என்னும் நூலை முழுமையாக மனப்பாடமாக அறிந்தவர் ஒரே ஒரு துறவி மட்டுமே எஞ்சியிருந்தார். அவரோ ஒழுக்கத்தில் பழுதுடையவர் என்று அறியப்பட்டவர். அவரிடம் பாடம் கேட்க ஒழுக்கமுடைய தேரர் ஒருவர் முதலில் மறுத்தார் என்றும், நூல் அழிந்துபோகும் என்று வற்புறுத்தப்பட்ட பின்னரே இசைந்தார் என்றும் அவ்வுரை கூறுகிறது. ஒரு நிறுவனத்தின் கணக்குகள் முழுவதையும் திறக்கும் கடவுச்சொல்லை ஒரே ஊழியர் மட்டும் அறிந்திருக்கும் நிலைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அந்த ஒருவர் நல்லவராக இருந்துவிட்டால் இடர் மறைந்துவிடும் என்பது தவறான ஆறுதல். நல்லவரும் நோயுறுவார், இறப்பார்.

பஞ்சத்தின் பின்னே எழுந்த விவாதமே இப்பொருளில் மிக ஆழமானது. சாசனம், அதாவது புத்தரின் போதனை உலகில் நிலைபெறுதல், எதைச் சார்ந்தது என்று துறவியர் வாதிட்டனர். தியானமும் ஒழுக்கமுமாகிய கடைப்பிடிப்பே வேர் என்று பாம்சுகூலிகர், அதாவது கந்தலாடை நோன்பினர், கூறினர். நூற்கல்வியைக் காத்தலே வேர் என்று தர்மத்தை எடுத்துரைப்போர் கூறினர். கடைப்பிடிப்போர் சில தலைமுறைகள் இல்லாது போனாலும் நூல் இருந்தால் பிறிதொருவர் அதைக் கண்டு மீண்டும் கடைப்பிடிக்க முடியும் என்றும், நூல் அழிந்துவிட்டால் அவ்வாய்ப்பே இல்லை என்றும் வாதிட்ட இரண்டாம் சாரார் வென்றனர். புதையல் இருக்குமிடத்தைக் கல்லில் பொறித்த எழுத்து நிலைத்திருக்கும் வரை புதையல் தொலைந்ததாகக் கொள்ள முடியாது என்பது அவர்கள் காட்டிய உவமைகளுள் ஒன்று. இத்தகைய சூழலில்தான் திரிபிடகமும் அதன் உரையும் ஏட்டில் எழுதப்பட்டன. எழுதப்பட்ட இடம் மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரை என்பது பிற்கால மரபு. ஞானத்தைவிட நூலை உயர்த்திவிட்ட முடிவு என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் ஓரளவு உண்மை இருப்பினும், வாதத்தின் மையம் அதுவன்று. கடைப்பிடிப்பவர் தமக்காகக் கடைப்பிடிக்கிறார். நூலைக் காப்பவரோ இன்னும் பிறவாத ஒருவருக்காகக் காக்கிறார். கரையேறியவனுக்குத் தெப்பம் சுமைதான்; ஆனால் இக்கரையில் நிற்பவர்கள் தீர்ந்துபோகாத வரை தெப்பத்தைக் கட்டிவைக்க யாரேனும் வேண்டும். தனக்கென வைத்திருப்பதே பற்று என்றும், பிறர் கைக்குச் சேர்ப்பதற்கென வைத்திருப்பது வேறொரு செயல் என்றும் பிரித்தறிந்தால், நெய்க்கு விதித்த ஏழு நாள் வரம்பும் சொற்களுக்காகப் பட்ட பல நூற்றாண்டுப் பாடும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை.

இன்றைய கணினித் துறையில் காப்புநகல், அதாவது மூலம் அழிந்தால் மீட்டெடுப்பதற்கென எடுத்துவைக்கும் படி, பற்றிய நெறிகளுள் பரவலாக அறியப்பட்டது மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விதி. இதைப் பரவலாக்கியவர் அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் க்ரோக். தரவுக்கு மூன்று படிகள் இருக்கவேண்டும், அவை இரண்டு வகைச் சேமிப்பகங்களிலாவது இருக்கவேண்டும், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருக்கவேண்டும் என்பது அதன் பொருள். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் நச்சுநிரல் பிரித்தானிய மருத்துவமனைகள் உட்பட உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பிணைத்தொகை கேட்ட பின், வலையமைப்பிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்ட ஒரு படியும் வேண்டும் என்பது பலராலும் வலியுறுத்தப்பட்டது. ஏனெனில் கணினியோடு இணைந்தே இருக்கும் காப்புநகலையும் அத்தகைய நச்சுநிரல் பூட்டிவிடும். வன்வட்டில் எவரும் தொடாமலே துணுக்குகள் தாமாகச் சிதைவதும் உண்டு என்பதால், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சிறு எண்ணைக் குறித்துவைத்து, பின்னர் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடும் செக்சம் என்னும் சரிபார்ப்பு முறையும் நடைமுறையில் உள்ளது. கடல் கடந்த எழுநூற்றுவரும் தீவில் பசித்துக்கிடந்த அறுபதின்மரும் திரும்பக் கூடிச் செய்தது இதையே என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் நகல் இருப்பது வேறு, அதிலிருந்து மீட்டெடுக்க முடிவது வேறு. இலங்கையில் சோழர் ஆட்சிக்குப்பின், 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு அரசேறியபோது, முழுத்துறவு அளிக்கும் உபசம்பதைச் சடங்கை நடத்தப் போதிய துறவியர் நாட்டில் இல்லை. அவன் பர்மாவிலிருந்து துறவியரை வரவழைத்து மரபை மீண்டும் நிறுவினான். பிற்காலத்தில் அம்மரபு மறுபடியும் அறுந்தபோது, 1753-இல் சயாமிலிருந்து வந்த உபாலி தேரர் கண்டியில் அதைப் புதுப்பித்தார். சயாமின் பௌத்தமோ முன்பு இலங்கையிடமிருந்து பெற்றுக்கொண்டதே. 1848-இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் ஏட்டகம் அழிந்தது. அப்போதும் பாலித் திரிபிடகம் அழியவில்லை, ஏனெனில் அது வெகுகாலத்துக்கு முன்பே பல நாடுகளின் விகாரைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தன் கையில் மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தால் இலங்கை அதை இழந்திருக்கும். கொடுத்ததாலேயே, இழந்ததைக் கேட்டுப் பெற அதற்கோர் இடம் இருந்தது.

கொடுத்தலே காத்தல் என்னும் இக்கருத்தைச் சமணம் ஓர் அறமாகவே வகுத்தது. உடைமை கொள்ளாமையாகிய அபரிக்கிரகத்தைப் பெருநோன்பாகக் கொண்ட அச்சமயம், நூல்களைப் படியெடுத்து வழங்கும் சாத்திர தானத்தை இல்லறத்தாரின் சிறந்த கொடைகளுள் வைத்துப் போற்றியது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலைச் சாளுக்கியரின் நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் சமணப் பெண்மணி, கன்னடக் கவிஞர் பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதச்செய்து வழங்கினார். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில், ஒவ்வோர் ஏடும் ஒரு மனிதரின் பல நாள் கையுழைப்பாக இருந்தபோது, இது சிந்திக்கவே மலைப்பூட்டும் செயல். அந்நூல் தம் வீட்டுப் பேழையில் பத்திரமாக இருந்தால் போதும் என்று அவர் எண்ணியிருந்தால் அதை உடைமை எனலாம். ஆயிரம் கைகளுக்குப் போன பின் அது யாருடைய உடைமை என்று சொல்வதே கடினம்.

இனி விதியைப் பற்றிய கேள்விக்கு வரலாம். பிறர் தரவைக் காக்கும் மருத்துவமனையோ வங்கியோ பள்ளியோ தன் பொருளைக் காக்கவில்லை. அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டதைக் காக்கிறது. இத்தகைய அடைக்கலப் பொருளைப் பற்றிப் பழைய இந்திய நீதிநூல்கள் நுட்பமாக ஆராய்ந்துள்ளன. பெற்றுக்கொண்டவர் அப்பொருளைத் தாமே பயன்படுத்தினால் அதற்குரிய ஈட்டையும் தண்டத்தையும் செலுத்தவேண்டும் என்று கூறும் அர்த்தசாத்திரம், பகைவர் படையெடுப்பு, தீ, வெள்ளம் போன்றவற்றால் அது அழிந்துபோனால் அதைத் திரும்பக் கேட்க இயலாது என்று விலக்கும் அளிக்கிறது. ஒரே ஒரு பொருளாக மட்டுமே இருக்கக்கூடிய நகைக்கும் தானியத்துக்கும் அவ்விலக்கு நியாயமானது. காப்பவர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் ஊர் எரியும்போது பேழையும் எரியும். ஆனால் மிகக் குறைந்த செலவில், குறைவின்றி, எத்தனை முறை வேண்டுமானாலும் படியெடுக்கத்தக்க பொருளுக்கு அவ்விலக்கு பொருந்துமா? படியெடுக்க முடியும் என்னும் நிலை தோன்றிய அளவிலேயே, ஊழுக்கும் முயற்சிக்கும் இடையிலிருந்த எல்லை இடம்பெயர்ந்துவிடுகிறது. முன்பு விதியின் பக்கம் இருந்த தீ, இப்போது காப்பவரின் பொறுப்பின் பக்கம் வந்துவிடுகிறது. தீ பற்றியது அவர் குற்றம் ஆகாதிருக்கலாம். தீயோடு தரவும் போனது அவர் குற்றமே.

இதற்குக் கொரிய நாட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. 11ஆம் நூற்றாண்டில் அங்கே செதுக்கப்பட்ட பௌத்த நூற்றொகுதியின் மரப்பலகைகள் 1232-இல் மங்கோலியப் படையெடுப்பில் எரிந்துபோயின. போர் ஓயாத நிலையிலேயே, 1236 முதல் 1251 வரை, அரசு அத்தொகுதி முழுவதையும் மீண்டும் செதுக்கச்செய்தது. சுகி என்னும் துறவியின் தலைமையில், சீனத்துச் சோங் பதிப்பையும் கித்தான் பதிப்பையும் முந்திய கொரியப் பதிப்பையும் ஒப்பிட்டுப் பிழைகள் களையப்பட்டன. ஹேயின்சா மடாலயத்தில், இயற்கைக் காற்றோட்டத்தாலேயே ஈரப்பதம் கட்டுப்படும்படி முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுச் சாளரங்கள் அமைத்துக் கட்டிய கூடங்களில், 81,258 பலகைகள் இன்றும் இருக்கின்றன. பகையை விலக்கப் புத்தரின் அருளை வேண்டுவதே அப்பணியின் வெளிப்படையான நோக்கம். வேண்டுதலும் விடாத கையுழைப்பும் அங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை. அதே நாட்டில், 2025 செப்டம்பர் 26 அன்று, தேஜோன் நகரிலுள்ள தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் மின்கலங்களில் தீப்பற்றியபோது நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் தம் பணிக்கோப்புகளைச் சேமித்துவைத்த ஜி-டிரைவ் என்னும் அமைப்பின் 858 டெராபைட் தரவுக்கு வெளியிடத்தில் காப்புநகல் இல்லை, அது அழிந்தது. கொள்ளளவு மிகப் பெரிது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். மங்கோலியர் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தபோது எண்பதாயிரம் பலகைகளைச் செதுக்கியவர்களின் முன் அக்காரணம் எவ்வாறு நிற்கும் என்பது அந்நாட்டாரே விடை காணவேண்டியது.

பொறுப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கவனமாக விலக்கவேண்டும். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் வேறெங்கும் இல்லாத ஓலைச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. அது கொளுத்தியவர்களின் குற்றம், முழுவதும் அவர்களுடையதே. படியெடுத்து வைக்கவில்லையே என்று இழந்தவர்களைக் கேட்பது கொடுமை. ஆனால் அவ்விழப்பின் நினைவோடு வாழும் ஒரு சமூகம் அதன்பின் செய்தது கருதத்தக்கது: 2005 முதல் நூலகம் என்னும் தன்னார்வ முயற்சி, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இலக்கமுறையில் படியெடுத்து எவரும் பெறத்தக்கதாக வைத்துவருகிறது. தீ வைப்பவரைத் தடுக்கும் ஆற்றல் வாசகர்களிடம் இல்லை. தீக்கு எட்டாத இடங்களில் படிகளைப் பரப்பும் ஆற்றல் இப்போது இருக்கிறது.

நல்ல நம்பிக்கையோடு செய்த அழிவும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய சுவடிகளைத் தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையர், அவை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடப்பட்டுவிட்டன என்று அங்கே கேள்வியுற்றதைத் தம் வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். சிதைந்த ஏட்டைத் தீக்கோ ஆற்றுக்கோ அளிப்பது, அது புதிய ஏட்டில் பெயர்த்தெழுதப்பட்ட பின் செய்யத்தக்க மரியாதை. படியெடுக்கும் பாதி மறக்கப்பட்டு, விடைகொடுக்கும் பாதி மட்டும் சடங்காக எஞ்சியதே அங்கு நேர்ந்த கேடு. பழைய கணினியை விற்கும்போதும், கைப்பேசியை மாற்றும்போதும், அலுவலகத்தின் பழைய சேமிப்புத் தட்டுகளைக் கழிக்கும்போதும் இன்று நடப்பது பெரும்பாலும் இதுவே.

இல்லத்தில் இக்கேள்வி எளிய வடிவில் வருகிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, வீட்டுப் பத்திரங்களும் கல்விச் சான்றிதழ்களும் நீரில் நைந்துபோனவர்களுக்காகத் தமிழக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்று ஆவணங்கள் வழங்கவேண்டியிருந்தது. அரசிடம் மூலப்பதிவு இருந்தவற்றுக்கு மாற்று கிடைத்தது. குடும்பப் படங்களுக்கும், தாத்தாவின் கையெழுத்துக் குறிப்புகளுக்கும், முதியோரின் மருத்துவ வரலாற்றுக்கும் எந்த அலுவலகத்திலும் மூலப்பதிவு இல்லை. ஆகவே வீட்டில் முதலில் காக்கவேண்டியவை இவையே. வேறூரில் வாழும் உடன்பிறந்தார் வீட்டில் ஒரு வன்வட்டு, அதில் உள்ளவை உண்மையிலேயே திறக்கின்றனவா என்று பொங்கலுக்கோ தீபாவளிக்கோ கூடும்போது பார்த்துக்கொள்ளும் வழக்கம், மின்சாரமும் கைப்பேசியும் இல்லாத நாளுக்கென மருந்துப் பெயர்களும் தொலைபேசி எண்களும் எழுதி நீர்புகா உறையிலிட்ட ஒரு தாள் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. இவற்றை அவநம்பிக்கை என்று கருதித் தள்ளும் பக்தர்கள் உண்டு. இறைவன் காப்பான் என்னும் நம்பிக்கை, தன் அன்னைக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதை எழுதிவைக்கும் கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதாகத் தெரியவில்லை.

காக்கும் கடமைக்கு இணையாக அழிக்கும் கடமையும் இருக்கிறது. துறவின் படிப்பினை இங்கேதான் முழு வலிமையோடு வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் சேமிக்க முடிகிறது என்பதற்காகவே சேமித்துக்கொண்டிருப்பது, ஏழு நாள் வரம்பை மறந்த நெய்க்குடம் போன்றது. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக ஒருவரின் தரவு பெறப்பட்டதோ அந்நோக்கம் நிறைவேறிய பின், வேறு சட்டத்தேவை இல்லாதவிடத்து, அதை அழித்துவிடவேண்டும் என்று அதைப் பெற்ற நிறுவனத்தைப் பணிக்கிறது. அடைக்கலப் பொருளைத் தன் பொருளாக்கிக்கொள்ளலாகாது என்னும் பழைய நெறியின் இன்றைய வடிவமாக இதைக் கொள்ளலாம். நகல்கள் பெருகும்போது அழித்தலும் கடினமாகிறது: மூலத்தை அழித்தவர், மூன்றிடங்களில் கிடக்கும் படிகளையும் தேடி அழித்தாலன்றிக் கடமை முடிவதில்லை.

இறந்தவரின் தரவு இவ்விரு கடமைகளும் மோதும் இடம். ஒருவருடைய கைப்பேசியில் மக்கள் காக்க விரும்பும் படங்களும், அவர் எவருக்கும் காட்ட விரும்பாத கடிதங்களும் அருகருகே இருக்கும். கடவுச்சொல் அவரோடு போய்விட்டால் இரண்டும் ஒருசேரப் போகும், கடவுச்சொல் முழுவதும் கைமாறினால் இரண்டும் ஒருசேரத் திறக்கும். எது தெப்பம், எது தம்மோடு போகவேண்டிய நெய்க்குடம் என்று பிரிக்கத் தகுதியுடையவர் அவர் ஒருவரே. அதையும் அவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதுதான் செய்ய முடியும். ஆகவே உயில் எழுதும் வயதுக்குக் காத்திராமல், எந்தக் கோப்புறை யாருக்கு, எது திறக்கப்படாமலே அழிக்கப்படவேண்டும், அதைச் செய்யும் நம்பிக்கைக்குரியவர் யார் என்பதைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அந்நம்பிக்கைக்குரியவரிடம் ஒரு படியும் வீட்டில் ஒரு படியுமாக வைத்து, கடவுச்சொல் மாறும்போதெல்லாம் இரண்டையும் மாற்றவேண்டியிருக்கிறது.